எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், தம்பிக்கு மணிக்கட்டு வலி நிற்கவில்லை. அடுத்து எந்த ஸ்கேன்?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 24. மாங்காய் மண்டியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. இந்த மாதத் தொடக்கத்தில் போச்சம்பள்ளி சாலையில் பைக் சறுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். அன்றைக்கே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீக்கம் வடிந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. பைக்கின் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் கூடையைத் தூக்கும்போதும் பெருவிரல் பக்கம் சுரீர் என்கிறது. பாட்டி எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். மருந்துக் கடைக்காரர் நேராக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். சீசன் தொடங்கிவிட்டதால் இவன் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

எக்ஸ்ரேயில் இல்லை என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? இப்போதெல்லாம் தலைவலி என்று போனாலும் ஸ்கேன், முதுகுவலி என்று போனாலும் ஸ்கேன். கூலி வேலை செய்பவன் ஆயிரக்கணக்கில் எங்கே போவான்? கையை அசைக்காமல் ஓய்வு கொடுங்கள், சரியாகிவிடும்.

கதிர் அறை, தருமபுரி

மாந்தோப்பு, நான் எக்ஸ்ரே டெக்னீசியன். எம்.ஆர்.ஐ. பேச்சுக்குப் போகும் முன்பு ஒன்று கேட்கிறேன். கையில் இருக்கும் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எத்தனை படம் இருக்கிறது? நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டுதானா?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

ஆமாம் சார், இரண்டுதான். ஒன்றில் கை விரித்தபடி இருக்கிறது. இன்னொன்று பக்கவாட்டில்.

கதிர் அறை, தருமபுரி

அப்படியென்றால் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. பெருவிரல் பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்டு. கையை ஊன்றி விழும் இளைஞர்களுக்கு அந்த எட்டில் அதிகம் உடைவது இதுதான். இது சாய்ந்து படுத்திருக்கும் எலும்பு. கையைச் சும்மா பரப்பி வைத்து எடுத்தால் குறுகித் தெரியும், மெல்லிய விரிசல் மறைந்துவிடும். இதற்கென்று தனிப் படம் இருக்கிறது. உள்ளங்கையைப் பலகையில் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பச் சொல்லி, எக்ஸ்ரே குழாயை முழங்கைப் பக்கம் சற்றுச் சாய்த்து எடுப்போம். அப்போது ஸ்கேஃபாய்டு நீண்டு, முழு உருவமும் தெரியும்.

ஆனால் சீட்டில் "வலது மணிக்கட்டு எக்ஸ்ரே" என்று மட்டும் எழுதி வந்தால் வழக்கமான இரண்டு படம்தான் எடுப்போம். "பெருவிரல் பக்கம் அழுத்தினால் வலி, ஸ்கேஃபாய்டு முறிவு சந்தேகம்" என்று ஒரு வரி இருந்தால் நான்கு படம் எடுப்போம். படத்தைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டும் நேராக அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்த ஒரு வரிக்காக நான் எத்தனையோ மருத்துவர்களிடம் கேட்டுக்கேட்டுச் சொல்லியிருக்கிறேன். எழுதி வராவிட்டால் நோயாளியாவது வாய் திறந்து, எப்படி விழுந்தேன், எங்கே வலிக்கிறது என்று எக்ஸ்ரே அறையில் சொல்ல வேண்டும். தயங்காதீர்கள்.

தொப்பூர்க் கணவாய்

எலும்பு சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் நான். இங்கே நான் எழுதுவது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனாலும் இந்த விஷயம் தள்ளிப்போடக் கூடாதது என்பதால் எழுதுகிறேன்.

மாந்தோப்பு, தம்பியைப் பெருவிரலை அகல விரித்து மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்கள் புடைத்து, நடுவில் ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைக்கும் இடம். ஆள்காட்டி விரல் நுனியால் அந்தக் குழியை மெல்ல அழுத்துங்கள். இடது கையிலும் அதேபோல் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கம், பெருவிரல் மேட்டின் அடியில் மணிக்கட்டு ரேகைக்குப் பக்கத்தில் தட்டுப்படும் சிறு எலும்பு முடிச்சையும் அழுத்திப் பாருங்கள். கடைசியாகப் பெருவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி நீளவாக்கில் லேசாகத் தள்ளுங்கள். மூன்றிலும் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

அணைக்கரை அவர்களுக்கு ஒரு பதில். விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் ஸ்கேஃபாய்டு முறிவுகளில் 20 சதவீதம் வரை தெரியாமல் போகலாம் என்பது எங்கள் பாடநூல்களிலேயே உள்ள கணக்கு. முறிவின் இரு முனைகளும் விலகாமல் ஒட்டியபடியே இருந்தால் எக்ஸ்ரே கதிருக்கு அங்கே இடைவெளி தென்படாது. பத்து நாள், இரண்டு வாரம் போனபின் முறிந்த விளிம்பில் எலும்பு கொஞ்சம் கரையும். அப்போது கோடு தெரியத் தொடங்கும். அதனால்தான் குழியில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும், பெருவிரலையும் சேர்த்துக் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் திரும்ப வரச் சொல்வது வழக்கம். "நார்மல்" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் பல மாதம் கழித்து ஒட்டாத எலும்போடு எங்களிடம் வருகிறார்கள்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

டாக்டர், செய்து பார்த்தோம். இடது கையில் ஒன்றுமில்லை. வலது கையில் குழியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். உள்ளங்கைப் பக்கமும் வலி. பெருவிரலைத் தள்ளியபோது முகம் சுளித்தான். இப்போது அவனுக்கே பயம் வந்துவிட்டது.

தொப்பூர்க் கணவாய்

பயப்பட வேண்டாம், ஆனால் நாளைக்கே போங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பழைய பிலிமை எடுத்துப் போங்கள். அதுவரை கூடை தூக்குவதும் பைக் ஓட்டுவதும் வேண்டாம். யாரும் உருவிவிடவும் வேண்டாம். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சதைப்பிடிப்புக்கு எண்ணெய் இதமாக இருக்கும், முறிந்த எலும்பை உருவினால் ஒட்ட வேண்டிய முனைகள் அசைந்துவிடும். கட்டு எங்கே போடுவதாக இருந்தாலும், எந்த எலும்பு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று தெரியாமல் போடக் கூடாது.

இந்த எலும்புக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று பலர் கேட்பார்கள். ஸ்கேஃபாய்டுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு விரல் பக்கத்து முனைக்கு அருகில் நுழைந்து, முழங்கைப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. கடைமடைக்குப் போகும் வாய்க்கால் நடுவில் உடைந்த கதைதான். எலும்பின் இடுப்பில், அதாவது அதன் குறுகிய நடுப்பகுதியில் முறிந்தால், முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்து அது செத்துப்போகவும் வாய்ப்புண்டு. ஒட்டாமல் விட்டால் சில ஆண்டுகளில் மணிக்கட்டு முழுவதும் தேய்மானம் வரும். 24 வயதுப் பையனுக்கு இது வரக் கூடாது.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

டாக்டர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கை வலி என்று வருகிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதுவது சரியா?

தொப்பூர்க் கணவாய்

சரியில்லை. உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. தொட்டுப் பார்க்காமல் எழுதப்படும் ஸ்கேன் பெரும்பாலும் வீண். 1814ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஆபிரகாம் காலிஸ் மணிக்கட்டுக்கு மேல் ரேடியஸ் என்ற முன்கை எலும்பில் நடக்கும் முறிவை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்ணாலும் கையாலும் பார்த்து எழுதினார். இன்றைக்கும் அந்த முறிவு அவர் பெயரில்தான் வழங்குகிறது. மருத்துவரின் விரல் ஒரு சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். அதற்குப் பதில் சொல்லத்தான் படம்.

கதிர் அறை, தருமபுரி

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் 1895 டிசம்பரில் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படமே அவர் மனைவியின் கைதான். விரல் எலும்பும் மோதிரமும் தெரியும். எங்கள் தொழிலே ஒரு கையிலிருந்து தொடங்கியது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

புளியந்தோப்பு அக்கா, பாலக்கோடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில் புளி தட்டும் பெண்கள் நிறைய. என் அம்மாவும் அதே வேலைதான். புளியம்பழத்தைக் கல்லில் வைத்துத் தட்டி, ஓடு நீக்கி, கொட்டை எடுப்பார். சுத்தியலைப் பிடித்த கையின் பெருவிரல் அடியில் வலி. புடவையைப் பிழிய முடியவில்லை, குண்டானைத் தூக்க முடியவில்லை. எங்கும் விழவில்லை. இவருக்கும் எக்ஸ்ரே வேண்டுமா?

உடற்பயிற்சிச் சாலை, தருமபுரி

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். அம்மாவைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, அந்த முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் பெருவிரல் ஓரத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் டி கெர்வாய்ன் என்ற நோய். பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரு உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து நாண் சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் இளம் தாய்மார்களிடமும் இதை அதிகம் பார்க்கிறேன்.

இதற்கு எக்ஸ்ரே பெரிதாக எதுவும் சொல்லாது, ஏனென்றால் கோளாறு எலும்பில் இல்லை. பெருவிரலின் அடி மூட்டில் தேய்மானம் இருக்குமோ என்று வயதானவர்களுக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் எடுப்பார்கள். பெருவிரலைத் தாங்கும் பட்டையும் கொஞ்ச காலம் வேலை மாற்றமும்தான் முதல் சிகிச்சை.

தொப்பூர்க் கணவாய்

சரியாகச் சொன்னீர்கள். ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டையில் கேட்காமல் ஊசி போடும் நிலை வந்தால் அல்ட்ராசவுண்ட் மிகவும் கைகொடுக்கும். சிலருக்கு அந்த உறைக்குள் ஒரு தடுப்பு இருந்து இரண்டு அறையாகப் பிரிந்திருக்கும். மருந்து ஒரு அறையில் மட்டும் இறங்கினால் வலி போகாது. அல்ட்ராசவுண்டில் ஊசி முனை நகர்வதையே பார்த்துப் போடலாம். கதிர்வீச்சும் கிடையாது. மணிக்கட்டின் மேல் உருண்டையாகக் கிளம்பும் நீர்க்கட்டிக்கும் அல்ட்ராசவுண்டே போதும். உள்ளே இருப்பது திரவமா, திசுவா, பக்கத்தில் ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறாரா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால் மணிக்கட்டுக் குகை எனப்படும் குறுகிய வழியில் நரம்பு அழுந்துகிறது. அதற்கு நரம்பு மின்கடத்தல் பரிசோதனை செய்வார்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

புளியந்தோப்பு அக்கா, பாலக்கோடு

முஷ்டியைச் சாய்த்ததுமே அம்மா "ஐயோ" என்றுவிட்டார். மரத்துப்போவது இல்லையாம். மிக்க நன்றி. பட்டை வாங்கித் தருகிறேன். தட்டும் வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது, கொட்டை எடுக்கும் பக்கம் கொஞ்ச நாள் உட்காரச் சொல்கிறேன்.

ஓசூர்ப் பட்டறை

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். லேத் ஓட்டுகிறேன். சுண்டுவிரல் பக்கம் வலி வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ரிப்போர்ட்டில் "முக்கோண நார்க்குருத்தெலும்பில் கிழிசல்" என்று இருந்தது. கிழிசல் என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதார்கள். ஆபரேஷன்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நேரில் பார்த்த டாக்டர் கையைத் திருப்பி, அழுத்தி, எலும்புகள் ஆடுகிறதா என்று சோதித்துவிட்டு, வயது ஏற ஏற வலியே இல்லாதவர்களிடமும் இந்தக் கிழிசல் தெரியும், ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுக்க மாட்டேன், உங்கள் கைக்குத்தான் கொடுப்பேன் என்றார். பட்டையிலும் பயிற்சியிலும் வலி குறைந்துவிட்டது.

இன்னொன்று, எங்களைப் போன்ற பட்டறைத் தொழிலாளர்களுக்கு. வெல்டிங், கிரைண்டிங் செய்யும்போது எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குப் போகும் முன்பு கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் துகளை அசைத்துப் பார்வையைக் கெடுத்துவிடும். எனக்கு முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

கதிர் அறை, தருமபுரி

இதைச் சொன்னதற்குக் கை கூப்புகிறேன் தம்பி. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்பில் போட்ட டைட்டானியம் தகடு பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் அதைச் சுற்றிப் படம் கலங்கும்.

மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.க்கு அரை மணி நேரம் போல ஆகும். கைக்கென்று இருக்கும் "காயில்" என்ற சிறிய சுருள் கருவிக்குள் கையை வைத்து, பல இடங்களில் குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வார்கள். தோள் வலிக்கும். கொஞ்சம் அசைந்தாலும் படம் மங்கிவிடும். முடியாவிட்டால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள், கையைப் பக்கத்தில் வைத்தும் எடுக்கலாம்.

எக்ஸ்ரே கதிரைப் பற்றிய பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. மணிக்கட்டுக்கு எடுக்கும் ஒரு படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு ஒரு நாளில் கிடைப்பதைவிடக் குறைவு. நான்கு படம் எடுத்தால் என்ன ஆகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பரிசல்துறை, ஒகேனக்கல்

எங்கள் துறையில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு மணிக்கட்டின் நடுவில், மேல்பக்கம் வலி வருகிறது. என் மாமாவுக்கு மாதக்கணக்கில் இருக்கிறது. கையை ஊன்றி எழ முடியவில்லை, பிடி தளர்ந்துவிட்டது. எக்ஸ்ரே சுத்தம் என்றார்கள். விழுந்ததே இல்லை. இதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

தொப்பூர்க் கணவாய்

விடாதீர்கள். நடுவில் வலி, பிடி தளர்வு, மணிக்கட்டு மடங்க மறுப்பது என்றால் பலவற்றை யோசிக்க வேண்டும். லூனேட் என்ற நடு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது மெல்லச் சிதையும் நோய் ஒன்று உண்டு. வியன்னாவின் கீன்பாக் 1910இல் விவரித்தது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில்தான் முதலில் பிடிபடும். எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு விலகியிருந்தால், முஷ்டியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவில் இடைவெளி விரிவது தெரியும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்படுவோம். இரண்டு கைகளிலும் வீக்கமும் காலையில் விறைப்பும் இருந்தால் முடக்குவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை. ஒரே கையில் நாள்பட்ட வீக்கம் என்றால் நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது.

மாமாவைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தொட்டுப் பார்த்தபின் எது தேவை என்று முடிவு செய்யலாம்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

போய் வந்துவிட்டோம். புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில், கதிர் அறை சார் சொன்ன அதே திருப்பத்தில் கையை வைத்து எடுத்த படத்தில், ஒரு மங்கலான கோடு. டாக்டர் எம்.ஆர்.ஐ.யும் எழுதினார். ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுகிறேன்: ஸ்கேஃபாய்டு எலும்பின் இடுப்பில் விலகாத முறிவு, சுற்றிலும் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்வை, முழங்கைப் பக்கத்துத் துண்டில் ரத்த ஓட்டம் போனதற்கான அறிகுறி இல்லை. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு காலம் ஆகும்? ஸ்க்ரூ போட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று இவன் கேட்கிறான்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

தம்பிக்கு இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நல்லவேளை, நேரத்துக்குப் போனீர்கள். மண்டி முதலாளியிடம் பேச வேண்டுமானால் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தொப்பூர்க் கணவாய்

விலகாத இடுப்பு முறிவு என்றால் மாவுக்கட்டிலேயே பெரும்பாலும் ஒட்டும். 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம். ஸ்க்ரூ போட்டால் கட்டில் இருக்கும் காலம் குறையும், ஆனால் பாரம் தூக்குவதற்கு எப்படியும் எலும்பு ஒட்டியாக வேண்டும். விலகியிருந்தாலோ முழங்கைப் பக்க முனையில் முறிந்திருந்தாலோ ஸ்க்ரூவை வலியுறுத்துவோம். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் இரண்டையும் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கட்டுப் பிரிக்கும் நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டிவிட்டதா என்பதை எக்ஸ்ரே மட்டும் வைத்துச் சொல்வது இந்த எலும்பில் கடினம். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். முறிவின் குறுக்கே எலும்பு பாலம் போட்டிருக்கிறதா, எத்தனை பங்கு போட்டிருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். வலி போய்விட்டது என்பதற்காகக் கட்டைத் தானாக வெட்டிப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கதிர் அறை, தருமபுரி

முதல் நாள் பிலிம், இப்போதைய பிலிம், எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த தட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது எக்ஸ்ரே அறைக்கும் கொண்டுவாருங்கள். பழைய படத்தில் கை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் எடுத்தால்தான் கோடு மறைந்ததா, திருப்பத்தில் ஒளிந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும். மாவுக்கட்டோடு எடுத்தால் படம் மங்கும். கட்டைக் கழற்றி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கி வாருங்கள்.